கிண்டல் கிண்டலாகவே போய்ச் சேர: எழுத்தில் குத்தல் தொனியைக் காட்ட ஒரு முழு வழிகாட்டி

‘பிரமாதம். இப்படியே அனுப்பிடுங்க.’

பல வருடங்களுக்கு முன், எனக்குக் கீழே வேலை பார்த்த சக ஊழியர் ஒருவருக்கு நான் தட்டிய செய்தி இது. அவர் காட்டிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வாடிக்கையாளரின் பெயர் இரண்டு விதமாக இருந்தது. நேரில் சொல்லியிருந்தால் ‘மா’வைக் கொஞ்சம் இழுத்திருப்பேன், அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தியிருப்பார். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: ‘அனுப்பிட்டேன் சார், ரொம்ப நன்றி.’

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அனுப்பியது சொற்களை மட்டும்தான். குரல் என் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. இந்தக் கோளாறு எல்லோருக்கும் பொது என்பதை உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மின்னஞ்சலில் எழுதியவர்கள், தங்கள் வாக்கியம் கிண்டலா நிஜமா என்பதை எதிராளி நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுபிடிப்பார் என்று நம்பினார்கள். நடந்தது 56தான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும்.

குறிகளைப் பற்றி நிறையப் பேசப்போகிறேன். ஆனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் கிண்டலின் பாதிக்கு மேல் வினைமுற்றிலும் சொல்லின் வாலிலும் இருக்கிறது. அங்கே வேலை முடிந்த பிறகுதான் நிறுத்தக்குறிக்கு வேலை.

படி 1: குரலைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்

எழுதிய கையோடு அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்கு எழுதியதாக நினைத்துக்கொண்டு, பதிவு செய்து வைத்த அறிவிப்புக் குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: இதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் நம்பும்படி இருக்கிறதா?

‘நல்ல யோசனை’ என்பதை யாரும் நம்புவார்கள். எனவே அது ஆபத்தான வாக்கியம். ‘நல்ல யோசனை, அப்படியே சூரியனையும் ரெண்டு நாள் லீவு போடச் சொல்லிடலாம்’ என்பதை நேர்ப்பொருளில் எடுக்க முடியாது. அதற்கு எந்தக் குறியும் வேண்டாம். நேர்ப்பொருள் எந்த அளவுக்கு நம்பும்படி இருக்கிறதோ, அந்த அளவுக்கு அடையாளம் தேவை. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அளவுக்கு மீறிய கருத்துகளை நிஜமாகவே நம்புகிறவர்கள் உலவும் இடத்தில், எவ்வளவு அபத்தமாக எழுதினாலும் யாராவது ஒருவர் அப்படியே எடுத்துக்கொள்வார். 2005இல் நேதன் போ என்பவர் இதை அரைக் கிண்டலாகச் சொல்லி வைத்தார். கண்ணடிக்கும் பொம்மை போடாவிட்டால் பகடிக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவர் சொன்னதன் சாரம். இன்று அது ‘போ விதி’ என்ற பெயரில் உலவுகிறது. படிக்கப்போகிறவர் உங்களை எவ்வளவு அறிந்தவர் என்பதையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். தினம் பேசும் நண்பருக்கு ஒரு முற்றுப்புள்ளி போதும். முகம் தெரியாத கூட்டத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் கீழே வருகிற படிகளில் இரண்டையாவது சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

படி 2: சொல்லின் வாலில் வேலையை முடியுங்கள்

முதலில் ‘ஆம்’. ‘அவர் வேலையை முடித்துவிட்டார்’ என்பதற்கு எழுதுகிறவர் பொறுப்பு. ‘முடித்துவிட்டாராம்’ என்றால் பொறுப்பு கைமாறிவிடுகிறது: அப்படிச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது. இந்த விலகல்தான் கிண்டலின் விதை. ஆனால் விதை மட்டும் போதாது. ‘நாளைக்கு மழை வருமாம்’ என்பதில் கிண்டலே இல்லை, வெறும் கேள்விப்பட்ட செய்தி. ‘எல்லா வேலையையும் அவரே தனியாளா முடிச்சிட்டாராம்’ என்று ‘எல்லா’, ‘அவரே’, ‘தனியாளா’ மூன்றும் சேர்ந்தால்தான் தொனி கிளம்புகிறது. ‘ஆம்’ வரும் வாக்கியத்தில் ஒரு மிகைச்சொல்லாவது இருக்கட்டும். ‘ஆக்கும்’ இதற்கு ஒன்றுவிட்ட தம்பி: ‘பெரிய மேதையாக்கும்!’ பேச்சு நடைக்கு மட்டும் சரிப்படும்.

அடுத்தது இறந்தகாலம். இது எழுத்தில் ஆளைக் கவிழ்க்கிற இடம். ‘பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாரு போங்க’ என்று ஒருவர் எழுதுகிறார். காதில் கேட்டால் ‘கொடுக்கவே மாட்டார்’ என்று பொருள். கண்ணால் படித்தால்? கொடுத்துவிட்டார், நீங்கள் கிளம்பலாம் என்றும் ஆகிறது. நடக்காததை நடந்து முடிந்ததாகச் சொல்லி மறுப்பது தமிழ்ப் பேச்சின் அழகான வித்தை, ஆனால் அதன் உயிர் முழுக்கக் குரலில் இருக்கிறது. எழுத்தில் கொண்டுவர வாக்கியத்தை உடைக்க வேண்டும்: ‘பணத்தையா? கொடுத்துட்டாரு, போங்க!’ அந்தக் கேள்விக்குறி முதலில் ஒரு வியப்பைக் காட்டுகிறது, காற்புள்ளி மூச்சு விடுகிறது, கடைசிக் குறி அடித்து முடிக்கிறது. மூன்று குறிகளும் சேர்ந்துதான் விழுந்துபோன குரலைத் தூக்கி நிறுத்துகின்றன.

மூன்றாவது, மரியாதையைக் கூட்டுவது. ‘நீ’ என்று கூப்பிடும் நண்பனுக்கு ‘தாங்கள் எப்போது துயிலெழுவதாக உத்தேசம்?’ என்று எழுதினால் எந்தக் குறியும் தேவையில்லை. ஆனால் வழக்கமாகவே ‘நீங்கள்’ என்று அழைப்பவரிடம் இது வேலை செய்யாது. அங்கே மரியாதை மரியாதையாகவே போய்ச் சேரும். நடையைத் திடீரென்று உயர்த்துவதும் இதே குடும்பம்தான். ‘மூணு மணி நேரம் காத்திருந்தோம். ஐயா அவர்கள் திருவாய் மலர்ந்து “சரி” என்று அருளினார்கள்.’ பேச்சு நடையிலிருந்து செந்தமிழுக்குத் தாவும் அந்த இடத்தில்தான் கிண்டல் உட்கார்ந்திருக்கிறது. முழுக்கட்டுரையும் செந்தமிழில் இருந்தால் தாவ இடமே இல்லாமல் போகும்.

குறியே இல்லாமல் இதைச் செய்தவர்களுக்கு நம் மொழியில் பஞ்சமில்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே அரிது, நிறுத்தக்குறிக்கு எங்கே போவது? புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ‘இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுடைய மாளிகையில் இருக்கின்றன. அவையோ பகைவரைக் குத்தி, நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன’ என்கிறார் ஔவை. ‘இவ்வே’ என்று தொடங்கும் புகழ்ச்சிக்குப் பக்கத்தில் ‘அவ்வே’ என்று ஒரு இகழ்ச்சியை வைத்தார், அவ்வளவுதான். உன் வேல் போர்க்களமே பார்த்ததில்லை என்பதை அவர் சொல்லவே இல்லை. தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிப்பதும் இதை வைத்துத்தான்: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், வசையை மறைத்து வைப்பது பழிகரப்பு அங்கதம். நாம் இந்த வழிகாட்டி முழுக்கப் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

ஆக, ‘பிரமாதம்’ என்று நிறுத்தாமல் அதற்குப் பக்கத்தில் உண்மையை வையுங்கள். ‘பிரமாதம். ஒரே பக்கத்தில் ஒரே ஆளுக்கு ரெண்டு பேர்.’ நான் அன்று இப்படி எழுதியிருக்க வேண்டும்.

படி 3: மேற்கோள் குறியை அளந்து போடுங்கள்

ஒரு சொல்லைத் தூக்கி ‘ ’ குறிக்குள் வைத்தால், ‘இது என் சொல் இல்லை, அவர்கள் சொல்வது’ என்று விரலால் தொடாமல் எடுத்துக் காட்டுவது போல. ‘எனப்படும்’, ‘என்று சொல்லிக்கொள்கிற’ என்ற சொற்கள் செய்யும் வேலையை இரண்டு சிறு கொம்புகள் செய்துவிடுகின்றன. அந்த ‘நிபுணர்’ வந்து பார்த்துவிட்டுப் போனார். புரிகிறது அல்லவா?

ஆனால் தமிழ் அச்சில் இந்தக் குறிக்கு ஏற்கெனவே வேலை அதிகம். நூல் பெயர், கலைச்சொல், பிறர் பேச்சு, எடுத்துக்காட்டு எல்லாமே அதற்குள் போகின்றன. இந்தக் கட்டுரையையே பாருங்கள். அதனால் ஒரு பத்தியில் கிண்டலுக்கு மேற்கோள் குறி போட்டால், அதே பத்தியில் வேறு காரணத்துக்கு அதைப் போடாமல் இருப்பது நல்லது. இன்னொரு பழக்கம், அழுத்தம் கொடுக்க மேற்கோள் குறி போடுவது. ‘தரமான’ சேவை என்று ஒருவர் பெருமையாக விளம்பரம் எழுதுகிறார். படிப்பவருக்குத் தரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து இருக்கிறது.

வேற்றுமை உருபு சேரும்போது அடுத்த சிக்கல். குறிக்குள் இருப்பது கேலிக்குள்ளான சொல் மட்டும். உருபு நம்முடையது, எனவே வெளியே: ‘நிபுணர்’களிடம், ‘உதவி’யை, ‘சேவை’க்கு. இதுவரை சரி. ‘சமாதானம்’ என்ற சொல்லோடு ‘ஆல்’ சேர்க்க வேண்டும் என்றால்? ‘சமாதான’த்தால் என்று எழுதினால் சொல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது, கண் தடுக்குகிறது. ‘சமாதானத்தால்’ என்று முழுவதையும் உள்ளே போட்டால் உருபையும் கேலி செய்வது போலாகிறது. நான் செய்வது, சொல்லை எழுவாயாகவே விட்டுவிட்டு வாக்கியத்தைத் திருப்புவது: ‘இந்தச் ‘சமாதானம்’ வந்த பிறகு சண்டை இரட்டிப்பாகிவிட்டது.’ ‘ம்’ என்று முடியும் சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்த வழி கைகொடுக்கும்.

படி 4: சிறு குறிகள்

அடைப்புக்குள் வைக்கும் ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியும் தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் பழக்கமானவை. இரண்டும் ஒன்றல்ல. (!) அளவைப் பார்த்து வியக்கிறது: ‘மூன்றே(!) வருடத்தில் முடித்துவிட்டார்கள்.’ (?) சொல்லின் தகுதியையே சந்தேகிக்கிறது: ‘இந்த முன்னேற்றத்தைப்(?) பாராட்டத்தான் வேண்டும்.’ குறி முழுச்சொல்லுக்கும் பின்னால், உருபும் ஒற்றும் முடிந்த இடத்தில், இடைவெளி இல்லாமல் வர வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒன்றோ இரண்டோ. அதற்கு மேல் போனால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் இடித்துக்கொண்டே இருப்பது போலிருக்கும்.

மூன்று ஆச்சரியக்குறி கிண்டலைக் கொல்லும். ‘அற்புதம்!!!’ என்றால் நிஜமான குதூகலம். ‘அற்புதம்.’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் உற்சாகமான சொல்லுக்கும் செத்த குறிக்கும் பொருந்தாமல் போகிறது, அந்தப் பொருந்தாமையில்தான் குத்தல் தெரிகிறது. அரட்டைச் செய்திகளில் இது நன்றாக வேலை செய்யும். எல்லா வாக்கியத்துக்கும் ஒழுங்காகப் புள்ளி வைக்கும் பழக்கமுள்ளவர் எழுதினால் மட்டும் பயன் இல்லை. மூன்று புள்ளியை நான் நம்புவதில்லை. பலர் அதைக் காற்புள்ளிக்குப் பதிலாகவே போடுகிறார்கள்.

இழுத்து எழுதுவதுதான் தமிழில் எனக்குப் பிடித்த வழி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேலி செய்யும் வழக்கம் 2017 வாக்கில் பரவியது. நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை, எனவே அது வராது. நம்மிடம் இருப்பது அளபெடை. நெட்டெழுத்துக்குப் பின்னால் அதன் இனக் குற்றெழுத்தைச் சேர்த்து ‘தொழாஅர்’ என்று செய்யுளில் எழுதுவார்கள். அதே விதிப்படி ‘பிரமாஅதம்’ என்று எழுதிப் பாருங்கள், நான் அன்று இழுக்க நினைத்த ‘மா’ அப்படியே கேட்கிறது. ‘பிரமாஅஅதம்’ வரை போகலாம், யாரும் யாப்பு பார்க்கப் போவதில்லை. கால் குறியை மட்டும் மூன்று நான்கு தடவை தட்டாதீர்கள். பல திரைகளில் அது எழுத்தோடு ஒட்டாமல், புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். மெய்யை இழுக்க வேண்டுமென்றால் புள்ளியெழுத்தைப் பெருக்குங்கள்: ‘அப்ப்ப்படியா’, ‘ரொம்ம்ம்ப நல்லது’.

தனிக்குறி தேடியவர்களின் கதை

இதற்கென்றே ஒரு குறி இருந்தால் தொல்லை தீர்ந்ததே என்று தோன்றும். தோன்றாமலா இருந்திருக்கும்? 1580களில் ஹென்றி டென்ஹாம் என்ற ஆங்கில அச்சகக்காரர் கேள்விக்குறியைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிப் போட்டார் (⸮). பதிலை எதிர்பார்க்காத கேள்விகளுக்காக அவர் வைத்த குறி அது. அடுத்த நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது. 1668இல் ஆங்கில அறிஞர் ஜான் வில்கின்ஸ், தான் உருவாக்கிய தத்துவ மொழிக்காக, தலைகீழ் ஆச்சரியக்குறியை (¡) முரண்பேச்சுக்கு, அதாவது ஒன்றைச் சொல்லி அதற்கு எதிரானதை உணர்த்துவதற்கு, ஒதுக்கினார். 1841இல் பெல்ஜியத்தின் மார்செலின் ஜோபார் அம்புமுனை போன்ற ஒன்றைப் போட்டுப் பார்த்தார். 1899இல் பிரெஞ்சுக் கவிஞர் அல்காந்தர் த பிராம் ஒன்றைக் கொண்டுவந்தார், திருப்பிப் போட்ட கேள்விக்குறியின் சாயலில், சாட்டை போல் வளைந்து. 1966இல் பிரெஞ்சு எழுத்தாளர் எர்வே பாசான் முரண்பேச்சோடு நிற்காமல் அன்பு, ஐயம், உறுதி, ஆரவாரம், அதிகாரம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு குறி செய்து தந்தார்.

எல்லோருக்கும் ஒரே கதிதான், எதுவும் நிலைக்கவில்லை. 2010இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ‘சார்க்மார்க்’ என்ற குறியைக் காசுக்கு விற்றது. கிண்டலைக் காட்டக் காசு கொடுக்க வேண்டுமா என்று அந்தக் குறியையே கிண்டல் செய்துவிட்டார்கள். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எழுத்தில் தலைகீழ் ஆச்சரியக்குறி போன்ற ஒன்று கேலிக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து ஓரளவாவது ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

ஏன் தோற்றன? இரண்டு காரணம் சொல்வேன். குறி என்பது ஊரறிந்த ஒப்பந்தம், ஒருவர் மட்டும் போட்டால் அச்சுப்பிழை. அதைவிடப் பெரிய காரணம், மறைத்து வைப்பதில்தான் பழிகரப்பின் ருசி. ‘இது கிண்டல்’ என்று சீட்டு ஒட்டிய கிண்டல், விடையோடு சேர்த்துப் போடும் விடுகதை. ⸮ குறிக்கு 2008 முதல் யூனிகோடில் இடம் உண்டு, 2E2E என்பது அதன் எண். ஆனால் தமிழ்ப் பத்தியில் போட்டால், எழுத்துருவில் அது இல்லாத இடங்களில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். ஆசைக்குப் போட்டுப் பாருங்கள், நம்பிப் போடாதீர்கள்.

படி 5: பொம்மையும் சாய்கோடும்

நிலைத்து நின்றது யாரும் திட்டமிடாத இடத்தில் பிறந்தது. 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் விளையாட்டாக எழுதியதைச் சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். வேடிக்கையைக் குறிக்க ஒரு அடையாளம் வேண்டும் என்று பேச்சு வந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறைக்குறி மூன்றையும் சேர்த்து :-) என்று எழுதிக் காட்டினார். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்று நம் விசைப்பலகையில் இருக்கும் பொம்மைக் கூட்டம்.

கிண்டலுக்கு எது? கண்ணடிக்கும் முகம் நட்பைக் காட்டும், ஆனால் தெரியாதவரிடம் வேறு பொருள் கொடுத்துவிடும். கண்ணை மேலே உருட்டும் முகம் எரிச்சல். 2015இல் யூனிகோடில் சேர்ந்த தலைகீழ்ச் சிரிப்பு முகம்தான் குத்தலுக்கு மிக நெருக்கம், ‘நன்றாகத்தான் இருக்கிறேன், வேறென்ன செய்ய’ என்ற பாவனை அதற்கு. விழுந்து விழுந்து சிரிக்கும் முகத்தைத் தவிர்க்கவும். உங்கள் நகைச்சுவைக்கு நீங்களே சிரிப்பது போலிருக்கும்.

வாக்கிய முடிவில் சாய்கோட்டோடு ‘எஸ்’ எழுத்தைப் (/s) போடுவது இன்னொரு வழி. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் குறிமொழியில் ஒரு பகுதியை மூடும் முறையைப் பார்த்துப் பகடியாக வந்தது, ‘கிண்டல் முடிந்தது’ என்று பொருள். நகைச்சுவையைச் சப்பென்று ஆக்குகிறது என்று பலர் இதை வெறுக்கிறார்கள். நானும் ரசிப்பதில்லை. ஆனால் தொனியைப் பிடிப்பது கடினமாக உள்ள வாசகர்களுக்கு, ஆட்டிசம் உள்ள பலர் உட்பட, அந்த ஒரு எழுத்து வாசலைத் திறந்துவிடுகிறது. கலந்து நிற்கும் பெருங்கூட்டத்தில் எழுதும்போது என் ரசனையை ஓரம் வைத்துவிட்டு அதைப் போடுவேன்.

எங்கே எதுவுமே வேண்டாம்

அலுவலகக் கடிதம், புகார், மருத்துவம் அல்லது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட குறிப்பு, இரங்கல். இங்கெல்லாம் நேராகச் சொல்லுங்கள். செய்தித் தலைப்பும் அப்படித்தான், ஏனென்றால் அது உடலை விட்டுப் பிரிந்து தனியாகத் திரியும். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் மேற்கோள் குறிகளைப் பல நேரம் சொல்லாமலே தாண்டிவிடும். கேட்பவருக்கு அந்த ‘நிபுணர்’ நிஜ நிபுணராகவே போய்ச் சேர்வார். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘ஆம்’ என்ன பாடுபடும் என்பதைச் சொல்லவே வேண்டாம். உங்களுக்குக் கீழே வேலை செய்பவருக்கு எழுதும்போதும் நான் கிண்டலை விட்டுவிடுவேன். புரியாவிட்டால் திரும்பக் கேட்க அவருக்குத் தைரியம் வராது. என் பழைய செய்தியில் நடந்தது அதுதான்.

தவறிப் போய்விட்டால்

முதல் வேலை, உடனே நேர்ப்பொருளுக்கு வருவது. ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், இதுகூடப் புரியலையா’ என்பது திருத்தம் இல்லை, இரண்டாவது அடி. பழைய வாக்கியத்துக்குப் பொம்மை ஒட்டி மறுபடி அனுப்புவதும் அப்படியே. சொல்ல நினைத்த விஷயத்தைக் குறி, வால், இழுவை எதுவுமில்லாமல் எழுதுங்கள்.

அந்தச் சக ஊழியருக்கு அன்று நான் அனுப்பிய இரண்டாவது செய்தி: ‘நான் எழுதினது கிண்டல், தெளிவா சொல்லாதது என் தப்பு. முதல் பக்கத்துல பேர் ரெண்டு விதமா இருக்கு. திருத்தி மறுபடி அனுப்பிடலாம், வாடிக்கையாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்.’ பதிலுக்கு ‘பரவாயில்லை சார்.’ என்று வந்தது. அந்த முற்றுப்புள்ளியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.